மரத்தைத் தேர்ந்தெடுங்கள், மரங்கொத்தி வரும்: ஏற்காட்டு சில்வர் ஓக் தோட்டங்களில் மரங்கொத்திகளின் நடத்தையை நோக்க முழு வழிகாட்டி

ஏற்காட்டுக்கு மரங்கொத்தி பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். எங்கோ 'டக், டக்' என்று கேட்டதும் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுவிடும். வேறு பக்கம் கேட்கும், மறுபடி நடப்பார்கள். போன பிப்ரவரியில் என்னோடு வந்த மூன்று கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது நிமிடம் இப்படியே அலைந்தார்கள். கிடைத்தது, பறந்து போகும் ஒரு முதுகு மட்டும். அதே நாற்பது நிமிடமும் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்த நான்காவது பெண், ஒரு பறவை பட்டையை உரித்து எறும்பு தின்பதைப் பதினைந்து நிமிடம் பார்த்திருந்தாள்.

பறவையைத் துரத்தாமல் மரத்தைத் தேர்ந்தெடுத்து உட்கார வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். முதல் இரண்டு படிகளை விட்டுவிட்டு பைனாகுலரோடு நேரே ஐந்தாவது படிக்குப் போகிறவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

1. முதலில் மரங்களைப் படியுங்கள்

பெயரில் ஓக் இருந்தாலும் சில்வர் ஓக் உண்மையான ஓக் மரம் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, காபிக்கு நிழல் தரவும் மிளகுக் கொடி ஏற்றவும் நட்ட மரம். இமயமலை ஓக் காடுகளைப் பற்றிப் படித்துவிட்டு அதே பறவைகளை இங்கே தேட வேண்டாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் எங்கும் இருக்கிறது. அதனாலேயே எந்த மரத்தடியில் உட்காருவது என்று புதியவர்களுக்குத் தெரிவதில்லை. தோட்டத்துக்குள் நுழைந்ததும் பைனாகுலரை எடுக்காமல் அரைமணி நேரம் மரங்களை மட்டும் பாருங்கள். நான் கவனிப்பவை இவை:

அடிமரம் வெறுமையாக இருக்கிறதா, மிளகு ஏறியிருக்கிறதா? அடி முதல் நுனி வரை மிளகுக்கொடி மூடிய மரத்தில் பறவை வந்து உட்கார்ந்தாலும் இலைக்குள் என்ன செய்கிறது என்று தெரியாது. கொடி ஏறாத மரமோ, பாதி உயரம் வரை மட்டும் ஏறிய மரமோ வேண்டும்.

காய்ந்த கொப்பு இருக்கிறதா? நிழல் கவாத்தின்போது பக்கக் கொப்புகளை வெட்டுவார்கள். அடிமரத்தோடு ஒட்டி நிற்கும் கட்டைகள் நாளடைவில் உளுத்துப்போகும். புழுவும் கறையானும் எறும்பும் அங்கேதான் சேரும். பறவை முரசடிக்க (அலகால் வேகமாகத் தட்டி ஒலி எழுப்ப) தேடுவதும் காய்ந்து உள்ளீடற்ற இந்த மாதிரி மரத்தையே. பச்சை மரத்தில் அந்த அதிர்வு எழாது.

பக்கத்தில் கல்யாண முருங்கை நிற்கிறதா? சில தோட்டங்களில் அதுவும் நிழல் மரம். மென்மையான மரம் என்பதால் பொந்து தோண்டுவது எளிது. சில்வர் ஓக்கில் இரை, கல்யாண முருங்கையில் பொந்து, இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து என்று அமைந்த இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக, மரத்தடியைப் பாருங்கள். சருகின் மேல் வெளிறிய புது மரச்சில்லுகள் சிதறிக் கிடந்தால் மேலே யாரோ வேலை பார்க்கிறார்கள். பழைய சில்லு கறுத்திருக்கும். இந்த ஒரு அடையாளம் எனக்குக் கொடுத்த பறவைகள், காது கொடுத்ததைவிட அதிகம்.

2. அனுமதி வாங்குங்கள்

காபித் தோட்டங்கள் தனியார் நிலம். ஏற்காட்டைச் சுற்றி வரும் லூப் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வேலி தாண்டி இறங்குவது தவறு. அதில் ஆபத்தும் உண்டு. முந்தின நாளே மேனேஜரையோ மேஸ்திரியையோ பார்த்து, எந்தப் பக்கம், எத்தனை மணி, எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். அன்று எங்கே மருந்து அடிக்கிறார்கள், எங்கே கவாத்து நடக்கிறது, காட்டெருமை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள். "ஏனுங்கக்கா, இந்தப் பக்கம் மரங்கொத்தி பொந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை நிறுத்தாமலே, "மோட்டார் ரூமுக்குப் பின்னால மொட்டை மரத்துல இருக்குதுங்க, போன வருசமும் அங்கதான் இருந்துச்சு" என்றார். நான் இரண்டு நாள் தேடியும் கிடைக்காத பொந்து அது.

3. மாதமும் நேரமும்

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை சிறந்த காலம். காரணங்கள் மூன்று. காபி அறுவடை பெரும்பாலும் முடிந்து தோட்டத்தில் ஆள்நடமாட்டம் குறைந்திருக்கும். சில்வர் ஓக் தன் இலைகளில் ஒரு பகுதியை வறண்ட மாதங்களில் உதிர்ப்பதால் மேல்கொப்புகள் தெளிவாகத் தெரியும். பொன்முதுகு மரங்கொத்தியின் இனப்பெருக்கக் காலம் ஏறக்குறைய பிப்ரவரியில் தொடங்கி ஜூலை வரை போகும். ஆகவே அழைப்பு, துரத்தல், பொந்து தோண்டல் எல்லாம் இப்போது நடக்கும்.

உதிர்ந்த இலையால் ஒரு தொல்லையும் உண்டு. காய்ந்த சருகு காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். பனி ஈரம் காயும் முன்பே இடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

சூரியன் எழுந்த பிறகான முதல் இரண்டரை மணி நேரம் முக்கியம். மூடுபனி நாளில் அவசரப்படாதீர்கள், பனி விலகி வெயில் அடிமரத்தைத் தொடும்போதுதான் பறவைகள் சுறுசுறுப்பாகும் என்பது என் அனுபவம். சேலத்திலிருந்து காலையில் கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவதற்குள் நல்ல நேரம் பாதி போய்விடும். முடிந்தால் முதல் நாள் இரவே மேலே தங்குங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் சாலையோரத் தோட்டங்களில் ஹாரன் சத்தம்தான் கேட்கும்.

மலை ஏற வழியில்லாதவர்கள் அடிவாரத்தில் குரும்பப்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து தொடங்கலாம். பொன்முதுகு மரங்கொத்திக்குத் தென்னையும் பிடித்த இடம்தான். ஒரு பறவையின் பழக்கங்களை அங்கே பழகிக்கொண்டு மேலே வந்தால் கண் சீக்கிரம் பிடிபடும்.

4. பையில் வைக்க வேண்டியவை

பைனாகுலர் 8×42 போதும். 10 மடங்கு வாங்க வேண்டும் என்று ஆசை வரும். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறையும். மரங்கொத்தி அடிமரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பறவை, அகலமான பார்வைதான் உதவும்.

சிறிய நோட்டு, இரண்டு பென்சில். பேனா மை பனியில் கசிந்துவிடும். நொடி காட்டும் கடிகாரம், உட்காரத் தடித்த பாய்த்துண்டு, தண்ணீர், மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை. போன் இருக்கட்டும், ஆனால் குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று அது இரையை விட்டுவிட்டு எல்லை காக்க அலையும். நீங்கள் பார்க்கப்போவது அதன் இயல்பான நடத்தையாக இருக்காது.

5. இடம் பிடித்து உட்காருங்கள்

முதல் படியில் தேர்ந்தெடுத்த மரத்திலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர் தள்ளி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மரம் வேண்டும். உங்கள் உருவம் வானத்தின் பின்னணியில் தனியாகத் தெரியக் கூடாது. காலைச் சூரியனும் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிர்வெயிலில் எந்தப் பறவையும் கறுப்பாகவே தெரியும், தலையில் சிவப்பு எவ்வளவு என்று பார்க்க முடியாது.

ஒரே மரத்தைக் குறிவைக்காமல் நான்கைந்து அடிமரங்கள் ஒருசேரத் தெரியும் கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். மரங்கொத்தி பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் வந்து ஒட்டி, மேல்நோக்கித் தாவித் தாவி ஏறி, பிறகு அடுத்த மரத்துக்குத் தாழப் பறக்கும். அது எந்த மரத்தை விட்டு எந்த மரத்துக்குப் போகிறது என்பதே நல்ல தகவல்.

பிறகு இருபது நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். கடினமான படி இதுதான். நீங்கள் நடந்து வந்த சலசலப்பு அடங்க அவ்வளவு நேரம் ஆகும். பத்தாவது நிமிடத்தில் "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பறவை உங்களைக் கண்டுகொண்டால் அடிமரத்தின் மறுபக்கம் நழுவி அசையாமல் ஒட்டிக்கொள்ளும். உடனே எழுந்து மறுபக்கம் போகத் தோன்றும், போகாதீர்கள். போனால் அது இன்னும் சுற்றும், இல்லையென்றால் பறந்துவிடும். சும்மா இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முதலில் அலகும் பிறகு ஒரு கண்ணும் எட்டிப்பார்க்கும், அதன்பின் விட்ட வேலையைத் தொடரும்.

பக்கத்தில் காட்டெருமை தென்பட்டால் படம் எடுக்க நிற்காமல், ஓடாமல், வந்த வழியே மெதுவாக விலகுங்கள். அன்றைய நோக்கல் அதோடு முடிந்தது.

6. காதைப் பழக்குங்கள்

மூன்று சத்தங்களைப் பிரித்தறிய வேண்டும்.

இரை தேடும் கொத்து: ஒழுங்கற்றது. இரண்டு தட்டு, இடைவெளி, ஐந்து தட்டு, மறுபடி இடைவெளி. தட்டிப் பார்த்து எங்கே உள்ளீடற்றிருக்கிறது என்று அது அறிந்துகொள்கிறது.

முரசடி: ஒரே மூச்சில் உருளும் வேகத் தட்டல். இது இரைக்காக அல்ல. 'இது என் இடம்' என்ற அறிவிப்பு, துணைக்கான அழைப்பும்கூட. செம்பழுப்பு மரங்கொத்தியின் முரசடி வேகமாகத் தொடங்கிப் படிப்படியாகத் தளரும். பெட்ரோல் தீர்ந்த பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அணைந்துபோவது போலிருக்கும்.

குரல்: பொன்முதுகு மரங்கொத்தி கனைப்பது போலக் கடகடவென்று கத்திக்கொண்டு பறக்கும். முரசடியைவிட இதைத்தான் அடிக்கடி கேட்பீர்கள்.

நாள் முழுக்கத் தோட்டத்தை நிறைக்கும் 'குட்ரூ, குட்ரூ' குரலை மரங்கொத்தி என்று எழுதிவிட வேண்டாம். அது வெண்கன்னக் குக்குறுவான். மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய இந்தப் பறவை கிழக்கே சேர்வராயன், சித்தேரி மலைகளிலும் வாழ்கிறது. அதுவும் காய்ந்த கொப்பில் பொந்து தோண்டும், மரச்சில்லு உதிர்க்கும். ஆனால் உடல் பச்சை, முக்கிய உணவு பழம், அடிமரத்தில் வாலை ஊன்றி ஏறுவதில்லை.

7. யாரென்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். நடத்தையை எழுத இந்த அளவு போதும்.

பொன்முதுகு மரங்கொத்தி: மைனாவைவிடப் பெரியது, 26 முதல் 29 செ.மீ. தங்க மஞ்சள் முதுகு, கறுத்த இடுப்பு, தொண்டையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள். ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை வரை முழுச் சிவப்பு. பெண்ணுக்குப் பின்கொண்டை மட்டும் சிவப்பு, முன்தலை கறுப்பில் வெள்ளைப் புள்ளி. பால் வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிவதால் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பறவை இல்லை.

செம்பழுப்பு மரங்கொத்தி: உடல் முழுக்கச் செம்பழுப்பு, மேலே கறுப்பு வரிகள். மரத்தில் எறும்புகள் கட்டிய உருண்டைக் கூட்டுக்குள்ளேயே பொந்து குடைந்து முட்டையிடும் பழக்கம் இதற்கு உண்டு. மரத்தில் கறுத்த பந்து போன்ற எறும்புக்கூடு தெரிந்தால் அந்த இடத்தையும் குறித்து வையுங்கள்.

சிறு மரங்கொத்தி: சிட்டுக்குருவி அளவு, சுமார் 13 செ.மீ. உச்சிக் கொப்புகளில், மற்றச் சிறு பறவைகளோடு கூட்டமாக வரும். கழுத்து வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீல முதுகும் சிவந்த அலகும் கொண்ட ஒரு குட்டிப் பறவை அடிமரத்தில் தலைகீழாக இறங்கி வந்தால் அது மரங்கொத்தி அல்ல. மரங்கொத்தி தலையை மேலே வைத்துத்தான் நகரும். முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக அமைந்த விரல்களும், மூன்றாவது காலாக ஊன்றும் விறைத்த வாலும் அதற்கேற்ற அமைப்பு.

8. அரை நிமிடத்துக்கு ஒரு எழுத்து

இனி எழுத வேண்டியது. 'அழகான மரங்கொத்தி, வெகுநேரம் கொத்தியது' என்று எழுதினால் ஒரு வருடம் கழித்து அந்த வரி எதற்கும் உதவாது.

ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரத்தில் ஒவ்வொரு 30 நொடிக்கும், அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறதோ அதை ஒற்றை எழுத்தாகக் குறியுங்கள். என் எழுத்துகள் இவை:

த – தட்டிப் பார்த்தல்
தோ – ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டுதல்
உ – பட்டை உரித்தல்
நா – நாக்கை விட்டுத் துழாவுதல், விழுங்குதல்
பா – நிமிர்ந்து சுற்றும் பார்த்தல்
கோ – இறகு கோதுதல்
ஓ – ஓய்வு, சும்மா ஒட்டியிருத்தல்
மு – முரசடி
ஏ – ஏறுதல், இடம் மாறுதல்
ம – கண்ணுக்கு மறைந்தது

பத்து நிமிடத்தில் இருபது எழுத்து கிடைக்கும். ஏன் அந்தக் கணத்தை மட்டும்? விருப்பப்படி எழுதினால் கண் கவரும் செயலை மட்டுமே எழுதுவோம். முரசடி ஐந்து முறை பதிவாகும், அரைமணி நேரம் சும்மா ஒட்டியிருந்தது பதிவாகாது. கடிகாரம் சொல்லும்போது மட்டும் எழுதினால், பறவை எதில் எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்ற உண்மையான பங்கு தெரியவரும். 'ம' என்ற எழுத்தையும் நேர்மையாக எழுதுங்கள். மறைந்திருந்த நேரத்தில் என்ன செய்திருக்கும் என்று ஊகித்து நிரப்பினால் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும்.

வரிசையின் தலைப்பில் மரம் எது, உயிருள்ளதா காய்ந்ததா, மரத்தை மூன்றாகப் பிரித்தால் கீழா நடுவா மேலா, ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

காலை 7.10. பொன்முதுகு, பெண். சில்வர் ஓக், உயிருள்ளது, மிளகு பாதி. நடு. த த ஏ த தோ தோ நா நா பா தோ நா பா ஏ த ம ம ஏ உ உ நா.

இந்த இருபது எழுத்தையே கொஞ்சம் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு 'நா'வுக்கும் முன்னால் தோண்டலோ உரித்தலோ நடந்திருக்கிறது. வெறும் தட்டலில் இரை கிடைக்கவில்லை. அதன் நாக்கு அலகைத் தாண்டி வெகுதூரம் நீளும். நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி வருவதால் அது முடிகிறது. ஆகவே துளை சிறிதாக இருந்தாலே போதும். தோண்டல் நின்று தலை மட்டும் மரத்தோடு ஒட்டியபடி லேசாக ஆடினால் 'நா' என்று எழுதுங்கள். தொடக்கத்தில் பலரும் இதை ஓய்வு என்று எழுதிவிடுகிறார்கள்.

இருவராக வந்தால் ஒருவர் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும். கண்ணை எடுத்து நோட்டில் வைக்கும் நொடியில்தான் பறவை தொலையும்.

பறவை தரையிலும் கறையான் புற்றிலும் இறங்கினால் அதையும் விடாதீர்கள். பொன்முதுகுக்குத் தரையிலும் இரை உண்டு. காபிச் செடியின் தண்டில் கொத்தினால் தனியாகக் கோடிட்டு எழுதி, செடியைப் போய்ப் பாருங்கள் (பறவை போன பிறகு). அரபிகா காபியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு. அதன் புழு தண்டுக்குள் குடைந்து வாழும். நிழல் குறைந்து வெயில் விழும் செடிகளில் அதன் தாக்குதல் கூடும். கொத்திய இடத்தில் துளையோ தண்டில் மேடான வளையமோ தெரிந்தால் மேனேஜரிடம் காட்டுங்கள், அவருக்கு உபயோகமான தகவல் அது. ஆனால் 'மரங்கொத்தி துளைப்பானைத் தின்றது' என்று, அலகில் புழுவைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். மரங்கொத்தி நல்ல மரத்தைக் கெடுக்கிறது என்று தோட்டத்தில் யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். கொத்திய கொப்பு ஏற்கெனவே உளுத்திருக்கிறதா என்று அவரையும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

9. பொந்து கண்டால்

முதலில் பின்வாங்குங்கள். என் அளவு குறைந்தது முப்பது மீட்டர், வாசலுக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில். ஒருமுறை எங்களோடு வந்த ஒருவர் படத்துக்காகப் பொந்தின் அடிக்கே போய் நின்றார். இரை கொண்டுவந்த பெண் பறவை மூன்று மரம் தள்ளி ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வரை உள்ளே போகவில்லை. உள்ளே குஞ்சுகளின் இரைச்சல் எங்களுக்கே கேட்டது. அவரை முதலிலேயே தடுக்காதது என் தவறு. அன்றிலிருந்து, பொந்து இருக்கும் பக்கம் புறப்படும் முன்பே தூரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தூரத்திலிருந்தே நிறையப் பார்க்கலாம். வழக்கமாக மூன்று வெள்ளை முட்டைகள் உள்ளே இருக்கும். அடைகாத்தல் ஏறக்குறைய 11 நாள், குஞ்சுகள் வெளியேற மேலும் 20 நாள் அளவில் ஆகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆகவே பொந்துக்கு மட்டும் எழுத்துக் குறி வேண்டாம். யார் உள்ளே போனது, யார் வெளியே வந்தது, எத்தனை மணிக்கு என்ற மூன்று பத்திகள் போதும். பெரும்பாலும் ஒன்று வந்து ஒட்டியதும் மற்றது கிளம்பும். மாலை கடைசி வெளிச்சத்தில் உள்ளே போவது ஆணா என்று பாருங்கள். பல மரங்கொத்தி இனங்களில் இரவு அடைகாப்பது ஆண்தான்.

முட்டையையோ பொந்தையோ கலைப்பதும் குஞ்சைப் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொந்தின் இடத்தைப் படத்தோடு எங்கும் வெளியிடாதீர்கள். மரம் மரமாகப் பச்சைக்கிளிக் குஞ்சு தேடி அலைகிறவர்களுக்கு எல்லாப் பொந்தும் ஒன்றுதான்.

கவாத்து தொடங்கும் முன் மேஸ்திரியிடம் அந்த மரத்தைக் காட்டி, குஞ்சு வெளியேறும் வரை விடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டாம், மரத்தின் பெயரும் வரிசை எண்ணும் அவருக்குப் போதும்.

10. அதே மரத்துக்குத் திரும்பிப் போங்கள்

ஒரு காலைப் பதிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே இடம், அதே நேரம், அதே எழுத்துகள் என்று ஆறு முறையாவது போங்கள். இடத்தை மாற்றினால், பறவை மாறியதா காடு மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

வீட்டுக்கு வந்த அன்றே பதிவுகளைப் பெரிய நோட்டில் படியெடுத்து, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை என்று கூட்டி எழுதுங்கள். பார்த்த இனங்களை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்திலும் ஏற்றலாம், பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்க்கலாம். பொந்து விவரம் மட்டும் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும். அடுத்த முறை கிளம்பும்போது போன முறை 'ம' அதிகம் விழுந்த பக்கத்தை எடுத்துப் பாருங்கள். உட்காரும் இடத்தை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.